தாம்பூலப் பையில் ஒன்பது பாட்டு

பழி வாங்குவதற்குச் சுண்டல் மாதிரி வசதியான பொருள் கிடையாது. கொடுப்பவளை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். போன நவராத்திரிக்கு, ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு எழுபது பெண்கள் வந்தார்கள். எழுபது பேருக்கும் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு ரவிக்கைத் துணி, ஒரு டப்பா சுண்டல், இவற்றோடு என் மகளின் முதல் ஆல்பத்தையும் பையில் போட்டுக் கொடுத்தேன். எழுபதில் ஒருத்திக்காகத்தான் அத்தனையும். மற்ற அறுபத்தொன்பது பேரும் சாட்சிக்கு.

ஆல்பம் என்றால் இப்போது இசைத்தட்டெல்லாம் கிடையாது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அட்டை. ஒரு பக்கம் மகளின் படம்: தலையில் தொப்பி, காலில் பூட்ஸ், கையில் கிதார், யாரையோ உதைக்கப் போகிற முகம். அந்த முகம் மாமனார் வீட்டுச் சொத்து என்று நான் சொல்வேன். வீட்டுக்காரர் என் பக்கம் கை காட்டுவார். மறு பக்கம் ஒரு கியூஆர் கோடு. ஃபோனில் ஸ்கேன் பண்ணினால் ஒன்பது பாட்டும் வரும். ப்ளூஸும் கண்ட்ரியும் கலந்த பாட்டு என்று அவள் ஒரு தடவை பொறுமையாக விளக்கினாள். கண்ட்ரி என்றால் விட்டுவிட்டுப் போனவர்களைப் பற்றிப் பாடுவது, ப்ளூஸ் என்றால் விடாமல் கூடவே இருந்து கழுத்தை அறுப்பவர்களைப் பற்றிப் பாடுவது என்று நான் புரிந்துகொண்டேன்.

அவளுக்கு இருபத்தாறு வயது. விமானத்தில் நாலு மணி நேரம் தள்ளி, பிளசன்டனில் வாடகைக்கு இருக்கிறாள். பகலில் ஆபீஸ், சனி ஞாயிறில் பாட்டு. வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஃபோன் பண்ணினால் எடுப்பாள். குட் அம்மா, பிஸி அம்மா, லவ் யூ அம்மா. மூன்றையும் ஒரே குரலில் சொல்வாள். அந்த அட்டைகளை ஒரு பெட்டி நிறைய எனக்கு அனுப்பியதுகூடப் பாசத்தில் இல்லை. தீபாவளி முடிந்து ஹூஸ்டனில் ஒரு இடத்தில் பாடப் போகிறாள், அங்கே கொடுப்பதற்கு, அதுவரை கேரேஜில் வைத்திரு என்றாள். அப்படியானால் வீட்டில்தானே தங்குவாய் என்று கேட்டேன். ஹோட்டல் புக் பண்ணிவிட்டாளாம். பெற்ற வயிறு எரிந்தது. சொந்த ஊருக்கு வந்து எவளாவது ஹோட்டலில் தங்குவாளா?

அவள் ஏன் இப்படி ஆனாள் என்று எனக்குத் தெரியும். குறைந்தபட்சம், தெரியும் என்று பன்னிரண்டு வருஷமாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் காரணம் பாட்டு டீச்சர்.

நான் சொல்லி வந்த கதை இதுதான். மகளுக்குப் பதினான்கு வயது. ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லேண்டில் ஒரு ஹாலில் டீச்சரின் மாணவிகள் எல்லோரும் சேர்ந்து பாடும் ஆண்டு விழா. என் மகளுக்குக் கட்டைக் குரல், அதில் கொஞ்சம் கரகரப்பு வேறு. டீச்சரின் சுருதிப் பெட்டி ஒரு பக்கம் போகும், இவள் குரல் கீழே எங்கேயோ நின்றுகொண்டு வரமாட்டேன் என்று அடம் பிடிக்கும். விழா அன்று டீச்சர் அவளை மூன்றாவது வரிசையில் நிறுத்தி, நீ பாட வேண்டாம், வாயை மட்டும் அசை என்று சொல்லிவிட்டார். முக்கால் மணி நேரம் என் குழந்தை பட்டுப்பாவாடையும் ஜிமிக்கியுமாக நின்று சத்தமே இல்லாமல் பாடினாள். நான் முன் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். காரில் ஏறியதும் ஜிமிக்கியைக் கழற்றி கப் ஹோல்டரில் போட்டாள். அதோடு பாட்டு வகுப்புக்குப் போகவில்லை. கேரேஜ் சேலில் வாங்கிய கிதாரோடு அறைக் கதவைச் சாத்திக்கொண்டவள்தான், என்னைப் பொறுத்தவரை இன்னும் திறக்கவில்லை.

இந்தக் கதையைக் கோவில் கிச்சனில் சொல்லியிருக்கிறேன். பேபி ஷவரில் சொல்லியிருக்கிறேன். இட்லி மாவு ஊற்றிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறேன். டீச்சர் எதிரே வந்தால் நன்றாகச் சிரிப்பேன். சிரித்துவிட்டு மனதுக்குள், உனக்கு இருக்கு ஒரு நாள், என்று கறுவிக்கொள்வேன்.

அந்த நாள் அட்டைப் பெட்டியில் வந்து இறங்கியது. முதல் பாட்டு ஏதோ ரயிலைப் பற்றி. இரண்டாவது பாட்டைக் கேட்டபோது ஆபீஸ் பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்துவிட்டேன். பட்டுச் சேலை கட்டிய ஒருத்தி. அவளிடம் ஒரு பெட்டி. நாள் முழுக்க அது ஒரே சத்தம் போடும். அந்தச் சத்தத்தோடு ஒத்துப்போகாத பிள்ளைகளை அவள் வாசலுக்கு அனுப்பிவிடுவாள். ஒரு நாள் அந்தப் பெட்டிக்கு மூச்சு நின்று போகட்டும், வீடு அமைதியாகட்டும், அப்போது என் குரல் உனக்குக் கேட்கட்டும் என்று என் மகள் பாடுகிறாள். ஐயோ, என்ன குரல்! அதே கட்டைக் குரல். அதே கரகரப்பு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வீட்டிலிருந்து ஆபீஸுக்குப் பதினைந்து நிமிஷம். மறுநாளிலிருந்து அந்தப் பதினைந்து நிமிஷமும் அதையேதான் போட்டேன். திரும்பி வரும்போதும் அதையேதான். இரண்டாவது பாட்டைத் தாண்டி நான் போகவே இல்லை. போக வேண்டிய அவசியம் என்ன? எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

கொலுவுக்கு டீச்சர் வந்தார். வழக்கம்போல எல்லோரும் ஒரு பாட்டுப் பாட, அவரும் பாடினார். என் முறை வந்தபோது வழக்கம்போலத் தொண்டை சரியில்லை என்றேன். இந்த ஊரில் எந்தக் கொலுவிலும் என் தொண்டை சரியாக இருந்ததில்லை. பையைக் கொடுத்ததும் டீச்சர் அட்டையை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தை வெகுநேரம் பார்த்தார். கேட்கிறேன் என்றார். நல்லாக் கேளுங்க டீச்சர் என்று வாய் நிறையச் சிரித்தேன்.

எழுபது பைகளும் வரிசையாக இருந்ததைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பி, உனக்காகத்தான் கண்ணு என்று எழுதினேன். ஆல்பம் முழுவதையும் கேட்டாயா என்று இங்கிலீஷில் ஒரே ஒரு வரி பதில் வந்தது. கேட்டேன், சூப்பர் என்று மூன்று கட்டை விரல் போட்டேன்.

நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. யாருங்க அந்தப் பெட்டிக்காரி என்று ஒருத்தியாவது ஃபோன் பண்ணிக் கேட்க வேண்டாமா? பிறகுதான் உறைத்தது. ஒருத்தியும் ஸ்கேன் பண்ணவில்லை. எல்லா வீட்டிலும் என் மகளின் ஆல்பம் ரவிக்கைத் துணியோடு சேர்ந்து அடுத்தவளுக்குக் கொடுக்கும் அலமாரிக்குப் போயிருக்கும். என் மகளை மறுபடியும் மூன்றாவது வரிசையில் நிறுத்திவிட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்த சமயத்தில் டீச்சர் வீட்டுக் கொலுவுக்கு அழைப்பு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு. கட்டாயம் வரணும் என்று தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் வேறு. குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. கேட்டுவிட்டார்! நான் அரக்குப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டேன். அவர் முகத்தில் ஈயாடாமல் இருப்பதைப் பார்க்கத்தான் போனேன், அம்பாளைப் பார்க்க இல்லை.

கார்ப்பெட்டில் இருபது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியாகப் பாடினார்கள். என் முறை வந்தது. தொண்டையைத் தடவினேன்.

"உங்க தொண்டைதான் எப்பவும் சரியா இருக்காதே. பரவால்ல, இன்னிக்கு உங்க பொண்ணு பாடட்டும்," என்றார் டீச்சர்.

கொலுப் படிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது. டீச்சர் ஃபோனை எடுத்தார். தன்னைத் திட்டுகிற பாட்டைத் தானே போடப் போகிறாளே, இவளுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று எனக்கே ஆச்சரியம். அவர் என்னைப் பார்த்து, மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, ஆற அமரச் சொன்னார்.

"ரெண்டாவது பாட்டு என்னைப் பத்திதான். கேட்டேன். அவ சொன்னதுல தப்பு இல்ல. ஆனா ஒன்பதாவது பாட்ட நீங்க கேட்டிருந்தா, இந்தக் கார்டப் பையில போட்டிருக்க மாட்டீங்க."

பாட்டு ஆரம்பித்தது. கிதார் இல்லை. டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம் மட்டும். கார் திருப்பும்போது போடுகிற இண்டிகேட்டர் சத்தம். அதுதான் தாளம். அதன் மேல் மகளின் குரல் இறங்கியது. ஒரு வெள்ளி நிற வேன். ஃப்ரீவேக்குத் திரும்புகிற சிக்னல். பின் சீட்டில் ஹெட்ஃபோன் மாட்டிய ஒரு பெண். ஹெட்ஃபோனில் ஒன்றும் ஓடவில்லை. முன்னால் அவள் அம்மா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறாள், தன் பாஷை மகளுக்குப் புரியாது என்ற தைரியத்தில். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா என்று பாட்டு கேட்கிறது. கேட்டுவிட்டு நின்றது. டிக், டிக். பிறகு அந்த ஆல்பத்திலேயே தமிழில் இருக்கிற ஒரே வரி வந்தது.

"வாயை மட்டும் அசைக்கட்டுமுங்க. வீடியோவுல யாருக்குத் தெரியப் போகுது?"

அந்த அறையில் முக்கால்வாசிப் பேர் சென்னைக்காரர்கள். அசைக்கட்டுமுங்க என்று இழுத்துப் பேசுகிற கோபிச்செட்டிபாளையத்துக்காரி நான் ஒருத்திதான். மகள் அதைப் பாடக்கூட இல்லை. என் குரலிலேயே, என் இழுப்போடு, அப்படியே பேசியிருந்தாள். இருபது பேரும் ஒரே சமயத்தில் கார்ப்பெட்டைப் பார்த்தார்கள்.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. வந்தது என்று சொல்வதும் பொய்தான், அது எங்கேயும் போயிருக்கவில்லை. விழாவுக்கு நான்கு நாள் முன்னால் டீச்சர் ஃபோன் பண்ணினார். குழந்தைக்குச் சுருதி இன்னும் சேரவில்லை, இந்த வருஷம் மேடை வேண்டாம், அடுத்த வருஷம் தனியாகவே பாட வைக்கிறேன், அவள் குரலுக்கு வேறு மாதிரிப் பழக்க வேண்டும் என்றார். எனக்கு அடுத்த வருஷம் எதற்கு? ஈரோட்டில் தைத்த பட்டுப்பாவாடை வந்துவிட்டது. ஊரில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. நாத்தனார் மகள் பாடின வீடியோவை அவர்கள் எனக்கு அனுப்பி ஆறு மாதம் ஆகியிருந்தது, நான் பதிலுக்கு ஒன்று அனுப்ப வேண்டும். வாயை மட்டும் அசைக்கிற யோசனையைச் சொன்னது நான். வேண்டாங்க, குழந்தை பாவம் என்று டீச்சர் மூன்று தடவை சொன்னார். நான் விடவில்லை. அழாத குறையாகப் பேசிப் பணிய வைத்தேன். அதற்குப் பிறகு நடந்ததை டீச்சர் தலையில் கட்டிவிட்டேன். பத்துப் பேரிடம் சொன்ன பிறகு எனக்கே அது நிஜமாகிவிட்டது.

இன்னும் ஒன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டைக் குரல் என்னுடையது. பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துக்கு என்னைத் தேர்ந்தெடுத்து, ஒரு நாள் பாடவிட்டு, மறுநாள் நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து நான் யார் முன்னாலும் பாடியதில்லை. என் குரல் என் பிள்ளை தொண்டையில் வந்து உட்கார்ந்ததைக் கேட்டபோது எனக்குப் பாசம் வரவில்லை, கூச்சம்தான் வந்தது. யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று பதறினேன்.

பாட்டு முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. ஒருத்தி இருமினாள். டீச்சர் எழுந்து ஆரத்தித் தட்டை எடுத்தார். எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். நானும் எழுந்து நின்றேன். என் வாய் அசைந்தது. பிறகு அவர் தாம்பூலப் பையை நீட்டினார். சுமங்கலி கொடுக்கிற தாம்பூலத்தை வாங்காமல் போக முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டு வருஷமாக ஊர் முழுக்க நான் பேசியதெல்லாம் அவர் காதுக்குப் போகாமலா இருந்திருக்கும்? ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் இந்த நாளுக்காகக் காத்திருந்தார் என்றால், பழி வாங்குவதில் நான் கற்றுக்குட்டி. நியாயம் அவர் பக்கம்தான் என்று இன்று ஒப்புக்கொள்கிறேன். அவரை எனக்கு இன்றும் பிடிக்காது.

அன்று சாயங்காலமே எல்லோரும் அலமாரியைத் திறந்து ஸ்கேன் பண்ணியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் மகளே கூப்பிட்டாள். மூன்று வருஷத்தில் அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஹூஸ்டனில் திடீரென்று நிறையப் பேர் ஒன்பதாவது பாட்டை மட்டும் கேட்பதாக ஃபோனில் கணக்குக் காட்டுகிறது, என்ன செய்தாய் என்று இங்கிலீஷில் கேட்டாள். நானும் நேற்றுதான் கேட்டேன் கண்ணு என்றேன்.  அதற்கு அவள் தமிழில் பேசினாள்.

"கேட்டேன்னு சொன்னியே அம்மா."

இருபத்தாறு வருஷத்தில் என் மகள் என்னிடம் ஒரு முழு வாக்கியம் தமிழில் பேசி நான் கேட்டதில்லை. ஒரு பிசிறு இல்லை. இத்தனை நாளும் உள்ளே வைத்துப் பூட்டியிருந்திருக்கிறாள்.

"உனக்குத் தமிழ் இவ்வளவு புரியும்னு எனக்குத் தெரியாது சாமி," என்றேன். 

"தெரியாதுங்கறதாலதான எல்லாத்தையும் என் முன்னாடியே பேசின."

வீட்டுக்கு வா என்று கெஞ்சினேன். ஹோட்டல் வேண்டாம், உன் அறை அப்படியே இருக்கிறது, பிடித்ததை எல்லாம் சமைத்து வைக்கிறேன், நாம் உட்கார்ந்து பேசலாம் என்றேன். முதலில் நீ என் ஷோவுக்கு வா, வீட்டைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றாள். முன்னால் வந்து நிற்க வேண்டும். தொடையில் தாளம் போடக் கூடாது. ஒன்பதாவது பாட்டுக்கு எழுந்து பாத்ரூம் போகக் கூடாது. மூன்று நிபந்தனையையும் முன்பே எழுதி வைத்திருந்த மாதிரி சொன்னாள்.

போனேன். தீபாவளி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பின்பக்கம் பார்பெக்யூ புகைகிற ஒரு பெரிய தகரக் கொட்டகை. தொப்பியும் பூட்ஸுமாக நூறு பேர் இருப்பார்கள். சல்வார் போட்டவள் நான் ஒருத்திதான். வீட்டுக்காரர் கடைசியில் பிரிஸ்கட் கறி வாங்குகிற வரிசையோடு ஒண்டிக்கொண்டார். நான் மேடைக்கு மூன்றடி முன்னால், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். கை சும்மா இருக்க வேண்டுமே, அதற்காக.

எட்டுப் பாட்டு பாடினாள். பெட்டிக்காரி பாட்டுக்கு எல்லோரும் ஆடினார்கள், என்னால் ரசிக்க முடியவில்லை. ஒன்பதாவது பாட்டுக்கு முன்னால் கூட்டத்துக்கு ஒரு வரி சொல்லிக் கொடுக்கப் போகிறேன், இது எங்கள் வீட்டுப் பாஷை என்றாள். வாயை, மட்டும், அசைக்கட்டுமுங்க என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்தாள். அர்த்தம் சொல்லவில்லை. அந்த வரி வந்தபோது நூறு டெக்ஸஸ்காரர்களும் பீர் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயெ மட்டும் அசெக்கட்டுமங்கோ என்று சந்தோஷமாக என் வாக்கியத்தைப் பாடினார்கள். 

அவள் கிதாரை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு மேடை விளிம்பில் குந்தி உட்கார்ந்தாள். மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினாள். இதுதான் என் அம்மா என்று சொன்னாள். கூட்டம் உருகிப்போய், ஆவ், என்றது. அம்மாவும் மகளும் சேர்ந்து பாடப் போகிறார்கள் என்று ஒருத்தி ஃபோனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தாள்.

அந்த வரியை மெதுவாகச் சொன்னேன். மைக்கில் காற்றுதான் வந்தது.

"கேக்கல அம்மா. பாடு," என்றாள்.

பாடினேன். ஐம்பத்து நான்கு வயதில், பள்ளிக்கூடத்துக்குப் பிறகு முதல் தடவையாக, நாலு பேர் நடுவில் என் தொண்டை திறந்தது. கொட்டகையின் நான்கு மூலையிலிருந்தும் அவள் குரல் மாதிரியே ஒன்று வந்தது. அதே கட்டை, அதே கரகரப்பு. கூட்டம் கூச்சல் போட்டது. அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ஜிமிக்கியைக் கழற்றிப் போட்ட அன்று காரின் கண்ணாடியில் பார்த்த அதே முகம்.

"இன்னொரு தடவ. சத்தமா."

சத்தமாகப் பாடினேன். அவள் மைக்கை எடுக்கவில்லை.